ஏப்ரல் பதினைந்தின் கடைசி வரி

டைட்டானிக் கப்பலுக்கும் எங்கள் வீட்டுக்கும் பங்காளிப் பகை. வருஷம் தவறாமல் ஏப்ரல் பதினைந்தாம் தேதி காலையில் பேப்பரின் இரண்டாம் பக்கத்தில் அது மூழ்கும். அம்மா படித்துவிட்டு, "வந்துட்டாருய்யா பெரிய மனுஷர்" என்று பேப்பரை மேஜைமேல் வீசுவாள். அன்று முழுக்க அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

அந்தக் கப்பலை ஆண்டுதோறும் மூழ்கடிப்பவர் வெளியாள் இல்லை. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, என் மாமா. பேப்பரில் 'இதே நாளில்' என்று ஒரு பெட்டி வரும். அந்தத் தேதியில் யார் பிறந்தார், யார் போனார், எது கண்டுபிடிக்கப்பட்டது, எது இடிந்து விழுந்தது என்று வருஷ வரிசையில் நாலைந்து வரிகள். அது அவருடைய இலாகா. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'தேதி'தான். "தேதி சாப்பிடப் போயிருக்கார்", "தேதிக்கு இன்னிக்கு மூஞ்சி சரியில்ல" என்று அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுகிற ஆள் என்பதால், மற்றவர்கள் மார்ச்சில் இருக்கும்போது அவர் ஏப்ரலில் இருப்பார். என் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டக் கத்தியை எடுத்தால், "இதே நாள்லதான் ஒரு ராஜாவோட தலையை வெட்டினாங்க" என்பார். அதற்குப் பிறகு கேக் யாருக்கு உள்ளே இறங்கும்?

நமக்கெல்லாம் ஒரு நாள் என்பது ஒரு நாள். மாமாவுக்கு ஒவ்வொரு நாளும் நெரிசலான பஸ். ஏப்ரல் பதினைந்தில் டா வின்சி பிறந்தார். ஆய்லர் என்ற கணித மேதையும் அன்றுதான் பிறந்தார். லிங்கன் அன்றுதான் உயிர் விட்டார். டைட்டானிக் அன்றுதான் கடலடிக்குப் போனது. இத்தனை பெரிய மனிதர்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிற நாளில்தான் என் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அப்பா ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மோட்டார் படகு ஓட்டியவர். ஒரு நாள் மாலை அந்தப் படகு நடு ஆற்றில் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய், பாலம் கட்டுவதற்காக நட்டிருந்த தூணில் மோதிக் கவிழ்ந்தது. இறந்தது பயணிகள் ஒன்பது பேர், அப்பா ஒருவர். எனக்கு அப்போது நடக்கவே சரியாக வராத வயது. அப்பா என்றால் எனக்கு ஒரு புகைப்படம், அப்புறம் அம்மாவின் கோபம். இரண்டையும் வைத்துத்தான் ஓர் ஆளை மனசுக்குள் செய்து வைத்திருக்கிறேன்.

மறுநாள், மாமா வேலை பார்க்கிற அதே பேப்பர், 'ஓட்டியவரின் அலட்சியத்தால் படகு கவிழ்ந்தது' என்று முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்துக்குத் தலைப்பு போட்டது. எங்கள் எதிர்வீடு தையல்கடை. முன்னறையில் கடை, பின்னால் வீடு. அந்தத் தையல்காரம்மாவின் தங்கை, கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண், அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. அவர்களுடைய அம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "உன் புருஷன் என் பொண்ணைத் தின்னுட்டான்டி" என்று தெருவே கேட்கக் கத்தினாளாம். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயே நின்றாளாம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தெருவோ, இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி நிற்க வேண்டிய அகலம். என் பள்ளிக்கூடச் சீருடை தைக்க, கண்ணெதிரே இருக்கிற கடையை விட்டுவிட்டு அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள்.

படகு கவிழ்ந்த மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ விசாரணை முடிந்தது. சுக்கானைத் திருப்புகிற சங்கிலி துருப்பிடித்து அறுந்ததுதான் காரணம், ஓட்டியவர் மேல் பிழை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கிலியை மாற்றச் சொல்லி அப்பா படகு முதலாளியிடம் கேட்டிருந்ததும் வெளியே வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்கள். ஆனால் பேப்பரில் வரவில்லை. அன்றைக்கு வேறு பெரிய செய்தி ஏதோ. மறுநாளைக்கு இது பழைய செய்தி. அலட்சியம் என்பதற்கு எட்டுப் பத்தி, அலட்சியம் இல்லை என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

"எதிர்வீட்டுல போய்ச் சொல்லலாமேம்மா" என்று நான் கொஞ்சம் வளர்ந்த பிறகு கேட்டிருக்கிறேன்.

"நான் சொன்னா என் புருஷனுக்கு நான் வக்காலத்து வாங்கறேன்னுவாங்க. சொன்னது பேப்பர். பேப்பர்தான் இல்லைன்னு சொல்லணும். அவங்க வீட்டுக்கும் அதே பேப்பர்தானே வருது. அவங்க அதைப் படிக்கணும். அது போதும் எனக்கு."

அம்மா வாழ்க்கையில் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். மருத்துவமனையில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க வெள்ளைத் துணியை மடித்துவிட்டு வருவாள். நகை, புடவை என்று எதையும் கேட்டதில்லை. எதிர்வீட்டார் படிக்கும்படி ஒரு வரி வர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியும் மாமாவின் பெட்டியில்தான் வர முடியும். அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர்ச் சம்பவம் என்றால் இருபத்தைந்து வருஷம் நிறைந்தால்தான் போடலாம், அப்புறம் ஐம்பதில், அப்புறம் நூறில். பேப்பரைத் தொடங்கிய பெரியவர் வைத்த விதி. இல்லாவிட்டால் ஊரில் இருக்கிற ஒவ்வொரு குடும்பமும் தன் தாத்தா பிறந்ததைப் போடச் சொல்லி வந்து நிற்கும் என்பார் மாமா. அவரை அசைக்க முடியாது. நியாயஸ்தர் என்று பெயர் வாங்கியவரைத் தம்பியாக வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும்.

போன வருஷம் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் அம்மா இறந்துபோனாள். கூட்டம் கலைகிறவரை அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அப்புறம், "அடுத்த வருஷம் பேப்பர்ல வரப்போகுது. அதுக்குள்ள என்ன அவசரமாம் இந்தக் கிழவிக்கு" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிரவு அவளால் சாப்பிட முடியவில்லை.

இருபத்தைந்தாவது வருஷம் வந்தது. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்.

"நம் ஆற்றில் பயணிகள் படகு கவிழ்ந்து பத்துப் பேர் உயிரிழந்தனர். சுக்கான் சங்கிலி அறுந்ததே காரணம் என்றும், படகை ஓட்டியவர் மீது பிழையில்லை என்றும் பின்னர் விசாரணையில் தெரியவந்தது."

அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல் வரியாப் போடுடா தம்பி" என்றாள்.

"அது முடியாதுக்கா. வருஷ வரிசைதான். டா வின்சி, ஆய்லர், லிங்கன், டைட்டானிக், அப்புறம் நம்மளது. கடைசில வரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, கடைசி வரி படிக்கட்டுல தொங்கறவன் மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க? விளம்பரம் வந்தா முதல்ல விழறவன் அவன்தான்னு?"

உண்மைதான். ராத்திரி பக்கம் கட்டும்போது திடீரென்று விளம்பரம் வந்தால், பெட்டியை அடியிலிருந்து நறுக்குவது அவர்கள் வழக்கம். அதைச் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னவரே மாமாதான்.

"செவ்வாய்க்கிழமைல ரெண்டாம் பக்கத்துக்கு விளம்பரமே வராது. அன்னிக்குச் செவ்வாய்தான்."

"பக்கம் கட்டறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன். இந்த வரியை எடுக்காதீங்கன்னு."

மாமாவின் முகம் மாறிவிட்டது. "எத்தனை பேரு எங்கிட்ட வந்து கெஞ்சியிருக்காங்க தெரியுமா? முடியாதுன்னு திருப்பி அனுப்பியிருக்கேன். இப்ப எங்க அக்கா வீட்டு விஷயம், பார்த்துக்கோன்னு நானே போய் நிக்கறதா? அது தன்னோட தகுதில வரட்டும்."

"தகுதி என்ன மாமா தகுதி, பரீட்சையா எழுதறோம்?" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "அவனுக்குத் தெரியாதா? சும்மா இருடி." தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பதினைந்தாம் தேதி காலையில் நான் எழுந்தபோது அம்மா குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தாள். வேலைக்கு விடுப்பு சொல்லியிருந்தாள். பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தாமலே எங்கள் வாசலில் ஒன்றும் எதிர்வாசலில் ஒன்றுமாக வீசிவிட்டுப் போனார். எங்கள் பேப்பரை அம்மா எடுக்கவில்லை.

"முதல்ல அவங்க எடுக்கட்டும்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தையல்காரம்மா கதவைத் திறந்து, குனிந்து பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மா திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே, "எடுத்துட்டா" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் பேப்பரை நான் எடுத்து வந்து இரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன்.

டா வின்சி பிறந்திருந்தார். ஆய்லர் பிறந்திருந்தார். லிங்கன் இறந்திருந்தார். டைட்டானிக் மூழ்கியிருந்தது. அதற்குக் கீழே மெத்தை விளம்பரம். ஒரு பெண் கண்ணை மூடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுபடி மேலிருந்து படித்தேன். பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாம் பக்கம், நான்காம் பக்கம் என்று கடைசிவரை தேடினேன்.

"இந்நேரம் படிச்சிருப்பா இல்ல?" என்றாள் அம்மா, ஜன்னலைவிட்டுத் திரும்பாமல்.

"அம்மா, வரலைம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நான் பக்கத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் அந்தப் பெட்டியை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மெத்தை விளம்பரத்தையும் விடாமல் படித்தாள். அப்புறம் பேப்பரை நாலாக மடித்து, எட்டாக மடித்து, மருத்துவமனை விரிப்பு மாதிரி ஓரம் நீவி மேஜையில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, நேரே பேப்பர் அலுவலகத்துக்குப் போனேன்.

மாமாவின் மேஜை இரண்டாவது மாடியில் மூலையில் இருக்கும். அதன் பின்னால் சுவர் முழுக்க ஒரு மர அலமாரி, வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்ன அறை. கத்தரித்த செய்திகளை அந்தந்தத் தேதியில் போட்டு வைப்பார். பிப்ரவரி இருபத்தொன்பதில் மட்டும் வீட்டுச் சாவியும் தலைவலித் தைலமும் இருக்கும். அந்த அறையை நாலு வருஷத்துக்கு ஒருமுறை காலி செய்துகொடுப்பார். நான் போனபோது அவர் அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் அன்றைய பேப்பர் இருந்தது. எதிரில் பக்கம் கட்டுகிற பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் சார் அந்த மெத்தைக்காரங்க விளம்பரம் வந்துச்சு. வழக்கம்போல அடிவரியை எடுத்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கணக்கு வாத்தியாரைத் தூக்கியிருப்பேனே சார். அவரை யாரு தேடப்போறா?"

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? மாமாவைப் பார்த்து, "ஒரு வார்த்தை மாமா. வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்றேன். மேலே சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததும் அது எதுவும் வாயில் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாராலும் திட்டியிருக்க முடியாது.

அவர் எழுந்து செய்தி ஆசிரியரின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார் ஆசிரியர். மரியாதை தெரிந்த மனிதர், மாமாவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நாளைக்கு ஒரு திருத்தம் போடணும்" என்றார் மாமா. "என் பெட்டில ஒரு வரி விட்டுப்போச்சு."

"சார், உங்களுக்குத் தெரியாததா? விட்டுப்போனதுக்கெல்லாம் திருத்தம் கிடையாதே. தப்பா வந்திருந்தாத்தான் போடுவோம்."

"தப்பா வந்திருக்கு."

"என்ன தப்பு? டா வின்சியா?"

"இன்னிக்கு இல்ல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி. ஓட்டியவரின் அலட்சியம்னு முதல் பக்கத்துல போட்டோம். அது தப்பு."

ஆசிரியர் சிரிக்கலாமா என்று ஒரு கணம் பார்த்தார். சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தார். மாமாவையும் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஆசிரியர், "இவ்வளவு நாள் கழிச்சுத் திருத்தம் போட்டா எதுக்குன்னு யாருக்கும் புரியாது சார். விசாரணை முடிஞ்ச உடனே கேட்டிருந்தா அப்ப இருந்தவங்க கண்டிப்பா போட்டிருப்பாங்க. ஏன், அப்ப யாருமே வந்து கேக்கலையா?" என்றார்.

மாமா சொன்னார்: "நான் அப்ப இங்கதான் இருந்தேன். மெய்ப்புப் பார்க்கற வேலை. அந்தத் தலைப்பு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என் மேஜைக்குத்தான் வந்துச்சு. என் அக்கா புருஷன் செத்து மூணு மணி நேரம்கூட ஆகலை. பிழை இருக்கான்னு பார்த்தேன். இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று அவர் நின்ற நிலையே சொன்னது.

"அன்னிக்கு உண்மை என்னன்னு எனக்கும் தெரியாது. ஆனா அலட்சியம்னு எப்படி அதுக்குள்ள முடிவு பண்ணீங்கன்னு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வேலை நிரந்தரமாகாத நேரம். சொந்தக்காரனுக்காகப் பேசறான்னு நினைச்சுடுவாங்களோன்னு பயம். விசாரணை முடிஞ்சப்பவும் அதே பயம்தான். அப்புறம் அதுக்கு நியாயம்னு பேர் வச்சுக்கிட்டேன்."

ஆசிரியர் வேறு பக்கம் பார்த்தார். "அடுத்த வருஷம் விதியைத் தள்ளி வச்சிட்டுப் போட்டுடலாம் சார், நான் பொறுப்பு" என்றார். மாமா தலையை ஆட்டினார், சரி என்றா வேண்டாம் என்றா என்று தெரியாதபடி.

மதியம் நானும் மாமாவும் ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். வீட்டில் அம்மா அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமா அவளுக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பக்கம் கட்டுகிற பெண்ணிடம் சொல்லாமல் விட்டதைச் சொன்னார். கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தத் தலைப்பை நீ படிச்சியா? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே?"

"படிச்சேன்க்கா."

"அன்னிக்கு ராத்திரி நீ வீட்டுக்கு வந்தே. விடிய விடிய என் பக்கத்துல உக்காந்திருந்தே. அப்பக்கூடச் சொல்லலை."

மாமா அழ ஆரம்பித்தார். பெரியவர்கள் அழுவதை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது கொடுமை. அம்மா அவரைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. எழுந்தாள், செருப்பைப் போட்டாள், வாசலுக்கு இறங்கினாள்.

"எங்கம்மா போறே?"

"பேப்பரை நம்பி நான் உக்காந்திருந்தது போதும். நானே போய்ச் சொல்றேன்."

அவள் அந்தத் தெருவைத் தாண்டியதை நான் என் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தேன். நாலே எட்டு வைத்தாள், அவ்வளவுதான் தூரம். நானும் மாமாவும் பின்னால் போனோம்.

தையல்காரம்மா வெட்டுகிற மேஜையில் குனிந்திருந்தாள். ரவிக்கைக் கைக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தாள். துணியை வெட்டுமுன் பேப்பரில் அளவு வரைந்து கத்தரித்து, அதைத் துணிமேல் வைத்து வெட்டுவது அவள் பழக்கம் போலிருக்கிறது. ஆணியில் கட்டுக்கட்டாகப் பேப்பர் அளவுகள் தொங்கின. கையும் கழுத்தும் முதுகுமாக, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருத்தியின் அளவு எழுதியிருந்தது. மேஜையில் அன்றைய பேப்பர் ஏற்கெனவே துண்டாகியிருந்தது. ஒரு துண்டில் மெத்தையில் தூங்குகிற பெண்ணின் பாதி முகம் இருந்தது.

அம்மாவைப் பார்த்ததும் தையல்காரம்மாவின் கத்தரிக்கோல் நின்றது.

அம்மா நின்ற வாக்கில், எடுத்த எடுப்பில் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்லீங்க. சங்கிலி அறுந்துடுச்சு. அவர் மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கார். மாத்தலை. விசாரணைல சொல்லிட்டாங்க. இன்னிக்குப் பேப்பர்ல வந்திருக்கணும். உங்க வீட்டுக்கும் இதே பேப்பர்தானேன்னு..." அதற்கு மேல் அவளுக்குக் கோவையாக வரவில்லை.

தையல்காரம்மா வெட்டுத் துண்டுகளைப் பார்த்தாள். "பேப்பரா? இது தைக்கறதுக்கு வாங்கறதுங்க. இதுல நான் எதையும் படிக்கறதில்ல. தங்கச்சி பேரைச் செத்தவங்க பட்டியல்ல பார்த்த அன்னிக்கு விட்டதுதான். எங்கம்மாவுக்கும் படிச்சுக் காட்டினதில்ல."

அம்மா மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அவள் எந்த வாசலில் பேப்பர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ, அந்த வாசலுக்குள் போன பேப்பரை ஒரு நாள்கூட யாரும் படித்ததில்லை. எனக்கு மாமாவைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

"விசாரணைல எப்ப சொன்னாங்க?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

"ரொம்ப வருஷம் ஆச்சு. இவளுக்கு ரெண்டு, மூணு வயசு இருக்கும்" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

தையல்காரம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் வருஷங்களை எண்ணுகிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து அம்மாவுக்கு நேரே போட்டாள். ஆனால் அவள் குரலில் அந்த உபசாரம் இல்லை.

"எங்கம்மா கடைசில படுத்த படுக்கையா இருந்தாங்க. யார் பேரும் ஞாபகம் இல்ல. எம் பேருகூட இல்ல. உங்க வீட்டுக்காரர் ஒருத்தரைத்தான் ஞாபகம் இருந்துச்சு. படகுக்காரன் வந்தானா, படகுக்காரன் வந்தானான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. வந்து பதில் சொல்லிட்டுப் போகச் சொல்லுன்னுவாங்க. அந்த ஜன்னல் பக்கமாத்தான் படுக்க வச்சிருந்தோம். உங்க வீட்டு வாசல் தெரியும்."

"நான் வந்து சொல்லியிருந்தா..." என்றாள் அம்மா. "நம்பியிருப்பாங்களா? நீங்க நம்பியிருப்பீங்களா?"

தையல்காரம்மா கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள்.

"தெரியலைங்க. நீங்கதான் வரவே இல்லையே."

அம்மா அந்த ஸ்டூலில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்காக அவள் அழுது நான் பார்த்திருக்கிறேன். இது அந்த அழுகை இல்லை. மாமா வாசற்படிக்கு வெளியே தெருவிலேயே நின்றார். தையல்காரம்மா அந்த ஸ்டூலை நகர்த்திவிட்டு, அவளும் கீழே உட்கார்ந்தாள்.